டாலருக்கு இவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாணய மாற்று விகித முறைகள், எளிமையாக

சவூதி அரேபியாவில் ஒரு டாலரின் விலை 3.75 ரியால். 1986-லிருந்து இன்றுவரை அதே விலைதான். ஜப்பானில் காலையில் பார்த்த யென் விலை மதியத்தில் இருப்பதில்லை. இரண்டுமே பணக்கார நாடுகள், இரண்டிலும் மத்திய வங்கி உண்டு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? நாணயத்தை எப்படி நடத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வுக்குத்தான் மாற்று விகித முறை என்று பெயர்.

முதலில் அடிப்படை. அன்னிய நாணயமும் சந்தையில் விற்கப்படும் ஒரு பொருள்தான். ஏற்றுமதியாளர்கள், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோர், முதலீட்டாளர்கள் ஆகியோர் டாலரைக் கொண்டுவந்து விற்கிறார்கள். இறக்குமதியாளர்களும் வெளிக்கடன் கட்டுவோரும் வாங்குகிறார்கள். வாங்குவோர் அதிகமானால் டாலர் விலை ஏறும், அதாவது உள்நாட்டு நாணயம் இறங்கும். மத்திய வங்கி இதில் கைவைக்காமல் நின்றால் அது மிதக்கும் முறை. ஒரு விலையை அறிவித்து, அந்த விலைக்குத் தானே வாங்கவும் விற்கவும் முன்வந்தால் அது நிலையான முறை. உலகின் பெரும்பாலான நாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன.

முறையைத் தேர்ந்தெடுக்கும் இந்தச் சுதந்திரம் எப்போதும் இருந்ததில்லை. 1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் 44 நாடுகள் கூடிப் போட்ட ஏற்பாட்டின்படி, ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று டாலர் தங்கத்தோடு கட்டப்பட்டது. மற்ற நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டன. 1971 ஆகஸ்ட் 15 அன்று, டாலருக்குத் தங்கம் தருவதை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தினார். 1973-க்குள் பெரிய நாணயங்கள் எல்லாம் மிதக்கத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் விதிகளும் திருத்தப்பட்டன. தங்கத்தோடு கட்டுவதைத் தவிர வேறு எந்த முறையையும் ஒரு நாடு தேர்ந்தெடுக்கலாம் என்பதே இன்றைய நிலை.

மூன்றில் இரண்டு மட்டும்

தேர்வுக்கு வரம்பு போடும் விதி ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் மண்டெல், மார்கஸ் ஃபிளெமிங் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒரு நாடு விரும்பக்கூடியவை மூன்று: மாற்று விகிதம் அசையாமல் இருக்க வேண்டும், முதலீட்டுப் பணம் தடையின்றி வந்துபோக வேண்டும், வட்டி விகிதத்தை உள்நாட்டுத் தேவைக்கு ஏற்பத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இவற்றில் இரண்டுதான் கிடைக்கும்.

ஏன் என்று பார்ப்போம். டாலரோடு கட்டப்பட்ட நாணயம், எல்லை திறந்திருக்கிறது என்று வையுங்கள். அமெரிக்காவில் வட்டி 5 சதவீதம். இங்கே தொழில் மந்தம் என்று மத்திய வங்கி வட்டியை 2 சதவீதமாகக் குறைக்கிறது. விகிதம் மாறாது என்ற உறுதி இருப்பதால், யாரும் பயமின்றிப் பணத்தை டாலருக்கு மாற்றி 5 சதவீதம் சம்பாதிக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். டாலர் கையிருப்பு கரையும். கடைசியில் வட்டியை மீண்டும் ஏற்ற வேண்டும், அல்லது விகிதத்தைக் கைவிட வேண்டும், அல்லது பணம் வெளியேறத் தடை போட வேண்டும். நான்காவது வழி கிடையாது.

பிரிட்டன் இதை 1992-இல் அனுபவித்தது. 1990 அக்டோபரில் ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க் என்ற மைய விலையில் அது ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டில் (ஐரோப்பிய நாணயங்களை ஒன்றோடொன்று ஒரு வரம்புக்குள் கட்டி வைத்த ஏற்பாடு) சேர்ந்தது. கிழக்கும் மேற்கும் இணைந்தபின் ஏற்பட்ட விலையேற்றத்தை அடக்க, ஜெர்மனி வட்டியை உயர்த்தி வைத்திருந்தது. பிரிட்டனிலோ மந்தநிலை, அதற்கு வேண்டியது குறைந்த வட்டி. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டைக் காக்க வட்டியை 10-லிருந்து 12 சதவீதமாக உயர்த்தினார்கள், மறுநாள் 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தார்கள். சந்தை நம்பவில்லை. மந்தநிலையில் இருக்கும் ஒரு நாடு 15 சதவீத வட்டியை எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் கணக்குப் போடத் தெரியும். அன்று மாலையே பிரிட்டன் ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது.

ஒரே அடி, இரண்டு நாடுகள்

எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, அடி விழும்போது அது எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பது பயனுள்ளது. மாற்று விகித முறை அடியைத் தடுக்காது. யார் தலையில் விழ வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். இதற்கு 2014-16 எண்ணெய் வீழ்ச்சியை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

2014 நடுவில் பீப்பாய் ஏறத்தாழ 110 டாலர். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் அரசு நடத்த எண்ணெய் வருமானத்தைப் பெரிதும் நம்பியிருந்தன. சவூதியில் விகிதம் அசையவில்லை. 110 டாலர் பீப்பாய்க்கு 412 ரியால் வந்தது. 30 டாலராக இறங்கியபோது 112 ரியால். டாலரில் எவ்வளவு சரிவோ, உள்நாட்டு நாணயத்திலும் அதே 73 சதவீதச் சரிவு. அரசின் செலவோ பெரும்பாலும் ரியாலில். பள்ளத்தைச் சேமிப்பிலிருந்து நிரப்பினார்கள்: 700 பில்லியன் டாலருக்கு மேல் இருந்த அன்னியச் செலாவணிக் கையிருப்பு, 2017 வாக்கில் ஏறத்தாழ 500 பில்லியனுக்கு வந்தது. கடைக்காரருக்கு இறக்குமதிப் பொருளின் விலை மாறவில்லை.

ரஷ்யா 2014 நவம்பரில் ரூபிளை மிதக்கவிட்டது. 34 ரூபிளுக்குக் கிடைத்த டாலர், 2016 தொடக்கத்தில் 75-ஐத் தாண்டியது (பொருளாதாரத் தடைகளுக்கும் இதில் பங்கு உண்டு). இப்போது பெருக்கிப் பாருங்கள்: 110 டாலர் பீப்பாய் 3,740 ரூபிள், 30 டாலர் பீப்பாய் 2,250 ரூபிள். டாலரில் 73 சதவீதச் சரிவு, ரூபிளில் 40 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அரசின் வரவு-செலவு ஓரளவு தப்பியது. ஆனால் அந்த வேறுபாட்டை யாரோ கட்டித்தானே ஆக வேண்டும்? இறக்குமதிப் பொருள் வாங்கிய மக்கள் கட்டினார்கள். 2015 மார்ச்சில் பணவீக்கம் ஏறத்தாழ 17 சதவீதம்.

சவூதி செய்தது சரி, ரஷ்யா செய்தது தவறு என்றோ, மாறாகவோ இதிலிருந்து சொல்ல முடியாது. கையில் அவ்வளவு பெரிய இருப்பு இல்லாத நாடு சவூதியின் வழியைப் பின்பற்றியிருந்தால் ஒரே ஆண்டில் திவாலாகியிருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

கட்டி வைப்பதிலும் பல தரம்

மிகக் கடுமையான வடிவம், சொந்த நாணயத்தையே விட்டுவிடுவது. ஈக்வடார் 2000-இல் ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்று மாற்றிக்கொண்டு, டாலரையே தன் பணமாக்கியது. அச்சடிக்கும் உரிமை போய்விட்டதால் அரசால் பணவீக்கத்தைக் கிளப்ப முடியாது. ஆனால் வங்கி நெருக்கடி வந்தால் பணம் கொடுத்துக் காப்பாற்றவும் முடியாது.

அடுத்தது நாணய வாரியம். இதன் இயக்கத்தை ஹாங்காங்கில் பார்க்கலாம். 1983 அக்டோபரிலிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர். அங்கே நோட்டு வெளியிடுவது மூன்று வணிக வங்கிகள். புது நோட்டு அடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு 7.80-க்கும் ஒரு அமெரிக்க டாலரை நாணய ஆணையத்திடம் (அங்கே மத்திய வங்கியின் வேலையைச் செய்யும் அமைப்பு) கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். ஆக, புழக்கத்திலுள்ள ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் டாலர் இருக்கிறது. 2005 முதல் விலை 7.75-க்கும் 7.85-க்கும் இடையே ஆடலாம். 7.85-ஐத் தொட்டால் ஆணையம் அமெரிக்க டாலரை விற்று உள்ளூர்ப் பணத்தை உறிஞ்சும். வங்கிகளிடம் பணம் குறையும், வங்கிகளுக்கிடையேயான வட்டி தானாக ஏறும், ஏறிய வட்டி பணத்தைத் திரும்ப இழுக்கும். வட்டியை நிர்ணயிக்க யாரும் கூட்டம் போட வேண்டியதில்லை. வீட்டுக்கடன் வாங்கியவருக்கு அமெரிக்காவின் முடிவுதான் தலைவிதி.

சட்டத்தில் எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அர்ஜென்டினா 1991-இல் தன் நாணயத்தை டாலரோடு கட்டச் சட்டமே போட்டது; 1992 முதல் ஒரு பெசோ ஒரு டாலர். பயங்கரமான பணவீக்கம் அடங்கியது. அந்த வெற்றி உண்மையானது. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் டாலர் வலுத்தபோது பெசோவும் கூடவே வலுத்தது. 1999 ஜனவரியில் பக்கத்து பிரேசில் தன் நாணயத்தை இறங்கவிட்டது. அர்ஜென்டினாவின் பொருட்கள் ஒரே வீச்சில் விலை உயர்ந்தவையாகிவிட்டன. விகிதத்தால் சரிசெய்ய முடியாததைக் கூலிக் குறைப்பாலும் வேலையின்மையாலும் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2001 டிசம்பரில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கட்டுப்பாடு, 2002 ஜனவரியில் சட்டம் கைவிடப்பட்டது, அந்த ஆண்டு நடுவில் டாலருக்கு மூன்று பெசோவுக்கும் மேல்.

இவற்றை விடத் தளர்ந்தவை சாதாரணக் கட்டு, வரம்புக்குள் ஆடவிடும் கட்டு, மாதாமாதம் சிறிதுசிறிதாக நகரும் கட்டு என்று போகும். எதோடு கட்டுவது என்பதும் ஒரு தேர்வு. ஒரே நாணயத்தோடு கட்டினால் எளிது, வெளிப்படையானது. குவைத் 2007 முதல் செய்வதுபோலப் பல நாணயங்களின் கூடையோடு கட்டினால், ஒரு நாணயத்தின் ஏற்ற இறக்கம் முழுதாகத் தாக்காது; ஆனால் கூடையில் எது எவ்வளவு என்று சொல்லாவிட்டால், அறிவித்த விலையை அரசு காப்பாற்றுகிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சரிபார்க்க முடியாது.

கையிருப்பு எப்படிக் கரைகிறது

கட்டு உடைவதை எண்களில் பார்ப்போம். ஒரு கற்பனை நாடு. விகிதம் டாலருக்கு 100. மாதம் 180 கோடி டாலர் உள்ளே வருகிறது, 200 கோடி தேவைப்படுகிறது. கையிருப்பு 600 கோடி. மாதம் 20 கோடி பள்ளம் என்றால் 30 மாதம் தாங்கும். அரசு நிம்மதியாக இருக்கிறது.

இந்தக் கணக்கு தவறு, ஏனென்றால் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. விகிதம் இறங்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டாலே, ஏற்றுமதியாளர் டாலரை வெளிநாட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். இறக்குமதியாளர் மூன்று மாதம் கழித்து வேண்டிய டாலரை இப்போதே வாங்குவார். இருவருமே ஊக வணிகர்கள் அல்ல. தங்கள் கடையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வரவு 150 ஆகவும் தேவை 240 ஆகவும் மாறினால் பள்ளம் 90 கோடி. முப்பது மாதம் ஏழு மாதத்துக்கும் குறைவாகிறது. கடைசி டாலர் வரை யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். இருப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மிச்சத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் பாய்வார்கள்.

மத்திய வங்கி டாலர் விற்கும்போது, அதற்கு ஈடான உள்நாட்டுப் பணம் புழக்கத்திலிருந்து வெளியேறுகிறது. 20 கோடி டாலர் விற்றால் 2,000 கோடி உள்ளே வந்து முடங்குகிறது. அப்படியே விட்டால் வட்டி ஏறி ஓட்டம் குறையும். ஆனால் வட்டி ஏறினால் அரசியல் தொல்லை. ஆகவே பல மத்திய வங்கிகள் கடன் பத்திரம் வாங்கி அந்த 2,000 கோடியைத் திரும்பப் புழக்கத்தில் விடுகின்றன. அதே பணம் மறுபடியும் டாலர் வாங்க வரிசையில் வந்து நிற்கும். தோற்றுப்போன கட்டுகள் பலவற்றின் பின்னால் இந்தத் தவறு இருக்கிறது.

வட்டியால் மட்டுமே காக்க நினைப்பதும் கடினம். ஒரு வாரத்தில் நாணயம் 20 சதவீதம் இறங்கும் என்று ஒருவர் நம்பினால், அவரைத் தடுக்க ஒரு வாரத்துக்கு 20 சதவீதம் தர வேண்டும். ஆண்டுக்கணக்கில் அது 1,000 சதவீதத்துக்கும் மேல். கேலியாகத் தோன்றலாம், 1992 செப்டம்பரில் ஸ்வீடன் ஒருநாள் வட்டியை 500 சதவீதத்துக்கு உயர்த்தியது. நவம்பரில் எப்படியும் கட்டை விட்டுவிட்டது.

இன்னொரு பொறி, கையிருப்பு எண்ணையே நம்புவது. 1997-இல் தாய்லாந்தின் கணக்கில் 30 பில்லியன் டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் பாட் நாணயத்தைக் காக்க, பிற்பாடு டாலர் தருவதாக மத்திய வங்கி முன்பேர ஒப்பந்தங்கள் போட்டுக் குவித்திருந்தது. அவற்றைக் கழித்தால் மிஞ்சியது சில பில்லியன்களே. ஜூலை 2 அன்று கட்டு விடப்பட்டது. அதுவரை டாலருக்கு 25 பாட். 1998 ஜனவரியில் 50-க்கும் மேல். விகிதம் மாறாது என்று நம்பி 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய நிறுவனத்துக்கு, 2.5 கோடி பாட்டாக இருந்த கடன் 5 கோடியானது. வருமானம் அதே பாட்டில்தான். நீண்டகாலம் அசையாத விகிதத்தின் பெரிய ஆபத்து இதுதான் என்பேன்: பாதுகாப்பு இல்லாமல் அன்னிய நாணயத்தில் கடன் வாங்க அது எல்லோரையும் பழக்கிவிடுகிறது.

போதுமான கையிருப்பு எவ்வளவு என்பதற்குச் சில அளவுகோல்கள் உண்டு. பழையது, மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமானது. ஆசிய நெருக்கடிக்குப் பிறகு வழக்கமானது, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய வெளிக்கடன் முழுவதற்கும் ஈடானது. கட்டி வைக்கும் நாடு இரண்டையும் தாண்டி வைத்திருப்பது நல்லது. உள்நாட்டு மக்களே தங்கள் சேமிப்பை டாலராக மாற்ற ஓடுவது இந்த இரு கணக்கிலும் வராது.

யாருக்கு எது பொருந்தும்

பெரும்பாலான வணிகம் ஒரே நாட்டோடு என்றால் அதன் நாணயத்தோடு கட்டுவது இயல்பு. நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாய்க்கு 1.60 என்று நிற்கிறது. எல்லை திறந்தது, வணிகத்தில் பெரும்பகுதி இந்தியாவோடு. தனி விகிதம் வைத்தால் எல்லைக் கடைகளில் தினமும் குழப்பம்தான் மிஞ்சும். பல நாடுகளோடு, பல வகைப் பொருட்களில் வணிகம் செய்யும் பெரிய பொருளாதாரத்துக்கு ஒரே நங்கூரம் ஒத்துவராது. ஆஸ்திரேலியா 1983 டிசம்பரில் மிதக்கவிட்டது. இரும்புத் தாது, நிலக்கரி போன்றவற்றின் உலக விலை விழும்போது அதன் டாலரும் இறங்கி அடியை ஓரளவு வாங்கிக்கொள்கிறது.

கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசும் நிறுவனங்களும் டாலரில் கடன்பட்டிருந்தால், நாணயம் இறங்குவது ஏற்றுமதிக்கு உதவுவதற்கு முன் நிறுவனங்களைச் சாய்த்துவிடும். ஆகவே பல வளரும் நாடுகள் மிதக்கவிட்டதாக அறிவித்துவிட்டு உள்ளுக்குள் பிடித்துக்கொள்கின்றன. விலைகளைக் கட்டுக்குள் வைத்திருப்பதாக மக்கள் நம்பும் மத்திய வங்கி இல்லாத நாட்டுக்கு, நல்ல பெயருள்ள அன்னிய நாணயம் ஒரு கடன் வாங்கிய நம்பிக்கை.

நடுவழியும் சாத்தியம் என்பதற்கு சிங்கப்பூர் சாட்சி. மொத்த வணிகம் உள்நாட்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதால், அங்கே வட்டியைவிட மாற்று விகிதம்தான் விலைவாசியைத் தீர்மானிக்கிறது. 1981 முதல் மத்திய வங்கியின் முதன்மைக் கருவியே விகிதம்தான்: நாணயக் கூடைக்கு எதிராக விகிதம் ஆடக்கூடிய ஒரு பட்டையை வைத்து, அதன் சாய்வு, அகலம், மையம் மூன்றையும் மாற்றுகிறது. வட்டியை உலகச் சந்தைக்கு விட்டுவிட்டது. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதிக்கு அதுவும் விலக்கல்ல.

சொல்வதும் செய்வதும்

ஒரு நாட்டின் முறையை அதன் அறிவிப்பிலிருந்து அறிய முடியாது. சர்வதேச நாணய நிதியமே நடைமுறையை வைத்து வகைப்படுத்துகிறது. மிதக்கிறது என்று சொல்லும் நாணயம் ஆறு மாதமோ அதற்கு மேலோ 2 சதவீத எல்லைக்குள்ளேயே நின்று, அதற்கு அரசின் தலையீடு காரணமாக இருந்தால், அது நிலைப்படுத்தப்பட்ட ஏற்பாடு. 2023 டிசம்பரில் இந்தியாவை, அதற்கு முந்தைய ஏறத்தாழ ஓராண்டுக் காலத்துக்கு, நிதியம் அப்படித்தான் வகைப்படுத்தியது. ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. சுதந்திரமாக மிதப்பது என்ற பெயர் கிடைக்க, ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தலையிடக்கூடாது, ஒவ்வொன்றும் மூன்று வேலைநாளைத் தாண்டக்கூடாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆறு மாத விகிதத்தை வரைபடமாகப் போடுங்கள், அதே காலத்தின் கையிருப்பையும் பக்கத்தில் வையுங்கள். விகிதம் கோடுபோல் நேராகவும் இருப்பு மலைபோல் ஏறி இறங்கியும் இருந்தால், மத்திய வங்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. விகிதம் அசைந்து இருப்பு அசையாமல் இருந்தால் உண்மையான மிதப்பு. வங்கி விலைக்கும் தெரு விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அறிவித்த விகிதம் பெயருக்குத்தான். லெபனானில் 1997 முதல் டாலருக்கு 1,507.5 லெபனான் பவுண்டு என்று இருந்த விகிதம், 2019-க்குப் பிறகு தெருவில் பல மடங்கு விலகிப்போன பின்னும், 2023 பிப்ரவரி வரை அதிகாரபூர்வமாக அப்படியே நின்றது.

வெளியேறும் வேளை

கட்டுவதற்கு ஓர் அறிவிப்பு போதும், அவிழ்ப்பதுதான் கடினம். நாணயம் வலுவாக இருக்கும்போது அவிழ்க்க எந்த அமைச்சருக்கும் மனம் வராது, பலவீனமாகும்போது அவிழ்த்தால் சரிவு. இலங்கையின் கையிருப்பு 2019 முடிவில் 7.6 பில்லியன் டாலர். பின்னர் டாலருக்கு 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்து இருப்பைக் கரைத்து, 2022 மார்ச்சில் விட்டபோது கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மே மாதத்துக்குள் விலை 360-ஐத் தொட்டது. அதற்குள் எரிபொருள் வாங்கவே டாலர் இல்லை.

போலந்து வேறு விதமாகச் செய்தது. 1990 ஜனவரியில் பணவீக்கத்தை நிறுத்த டாலரோடு இறுக்கமாகக் கட்டியது. 1991 மே மாதத்தில் மதிப்பைக் குறைத்து நாணயக் கூடைக்கு மாறியது. அந்த அக்டோபரில் மாதம் 1.8 சதவீதம் தானாக இறங்கும்படி நகரவிட்டது. பிறகு அந்த வேகத்தையும் படிப்படியாகக் குறைத்தது. 1995-இல் மையத்திலிருந்து இருபுறமும் 7 சதவீதம் ஆட அனுமதி, பிறகு 10, 12.5, 1999 மார்ச்சில் 15. கடைசிக் கட்டத்தில் மத்திய வங்கி சந்தையில் இறங்குவதே ஏறக்குறைய நின்றுவிட்டது. 2000 ஏப்ரல் 12 அன்று போலந்தின் நாணயமான ஸ்லாட்டி முழுதாக மிதக்கவிடப்பட்டபோது, நிறுவனங்களும் வங்கிகளும் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.